"கண்ணுக்குக் கண்" என்று பிரசங்கிக்கும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர்களுக்கு, ஸ்தோத்திரம்.

போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் ஒரு வாலிபன் சிநேகிதர்களிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வரப்புத் தகராறில் அவன் அண்ணன் கையைப் பக்கத்து வயல்காரர் உடைத்துவிட்டாராம். "வேதத்துலயே இருக்குடா, கைக்குக் கை" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூதர்களின் நியாயப்பிரமாணம் பழிக்குப் பழி வாங்கச் சொன்னது, இயேசு வந்துதான் அதை மாற்றினார் என்று அரைமணி நேரத்துக்கு முன்புதான் மேடையிலிருந்து கேட்டிருந்தான். சிறுவயதிலிருந்து வெவ்வேறு சபைகளில் நானும் இதையேதான் கேட்டு வருகிறேன்.

யாத்திராகமம் 21-ஐ அடுத்த முறை 18-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், ஒருவன் கல்லாலோ கையாலோ அடித்ததில் மற்றவன் சாகாமல் படுக்கையில் விழுகிறான். அப்புறம் அவன் எழுந்து கோலூன்றி வெளியே நடமாடினால், அடித்தவன் அவனுக்கு வேலை கெட்ட நாட்களுக்குப் பணம் கொடுத்து, நன்றாகக் குணமாகும்வரை வைத்தியமும் பார்க்க வேண்டும். 26, 27-க்கு வாருங்கள்: அடிமையின் கண்ணையோ பல்லையோ கெடுத்த எஜமான் அதற்கு ஈடாக அவனை விடுதலை செய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் பிரசங்கிக்கும் வசனம் இருக்கிறது. அங்கே எபிரேயத்தில் வரும் வினை "கொடு" என்பது, "பழிவாங்கு" என்பதல்ல. ஆதியாகமம் 4-இல் எழுபத்தேழு மடங்கு பழி பேசிய லாமேக்கை நினைத்துப் பாருங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு கண் என்பது அந்த வெறிக்குப் போட்ட அணை.

ரபிகள் என்னும் யூத வேத ஆசிரியர்கள் இதை எப்படி நடைமுறைப்படுத்தினார்கள் என்பது சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில், பாபா காமா என்ற பகுதியின் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. காயப்படுத்தியவன் ஐந்து வகையில் ஈடு கட்ட வேண்டும்: உறுப்பின் சேதம், வலி, வைத்தியச் செலவு, வேலை இழப்பு, அவமானம். வேலை இழப்பைக் கணக்கிட, காயப்பட்டவனை ஒரு வெள்ளரித் தோட்டத்துக் காவல்காரனாக வைத்துப் பார்ப்பார்கள். கையோ காலோ போனதற்குரிய தொகை ஏற்கெனவே சேதத்தில் வந்துவிடுகிறது, ஆகவே அந்த நிலையிலும் அவனால் செய்யக்கூடிய வேலையின் கூலிதான் கணக்கு. பழிவாங்கத் துடிக்கிறவர்கள் உட்கார்ந்து வெள்ளரிக் காவலுக்குக் கூலி பார்ப்பார்களா? பணம் கொடுத்தாலும், அடிபட்டவனிடம் மன்னிப்புக் கேட்கும்வரை குற்றம் தீராது என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. மிஷ்னாவை விளக்கி விவாதிக்கும் தல்மூதில் இன்னும் நேராகவே கேட்கிறார்கள்: குருடன் ஒருவன் இன்னொருவனின் கண்ணைக் கெடுத்தால் அவனிடமிருந்து எதை எடுப்பது?

எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. ரபி எலியேசர், கண்ணுக்குக் கண் என்பது சொல்லுக்குச் சொல் அப்படியே என்றார், மற்றவர்கள் அந்தப் பேச்சுக்கும் வேறு பொருள் கண்டார்கள். முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், காயப்பட்டவன் பணத்தை ஏற்காவிட்டால் அதே தண்டனைதான் என்று எழுதினார். ஆதியில் எப்படி நடந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் காயப்பட்டவனின் தம்பி கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

"கண்ணுக்குக் கண்" என்பதை எடுத்து இயேசு பேசிய மலைப்பிரசங்கத்தின் உயரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை ஐயா. அதைக் காட்டுவதற்காக ஒரு ஜனத்தின் சட்டத்தை இரத்தவெறியாகச் சித்தரிப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "யூதன் என்றால் பழிவாங்குகிறவன்" என்ற பொய் ஐரோப்பாவில் அவர்களுக்கு எவ்வளவு துன்பம் கொண்டுவந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இயேசு எடுத்துச் சொன்ன "பிறனிலும் அன்புகூருவாயாக" எங்கே இருக்கிறது? லேவியராகமம் 19:18-இல், பழிவாங்காதே என்று தொடங்கும் அதே வசனத்தில்.

வருகிற ஞாயிறு அந்தப் பகுதியை 18-லிருந்து 27 வரை முழுவதும் வாசித்துவிட்டுப் பேசுங்கள். அந்த வாலிபன் வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்காருவான். அவன் அண்ணன் கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை.