மின்னொளிக் கபடி விடிவதற்குள் முடியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் டெல்டாவிலும் தென் மாவட்டங்களிலும் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஓர் ஊரில் 'மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி' நடக்கிறது. வெயிலுக்குப் பயந்துதான் ஆட்டத்தை இரவில் வைக்கிறோம். ஆனால் பல ஊர்களில் அரையிறுதிக்கு வரும்போது காலை எட்டு மணி ஆகிவிடுகிறது. இரவெல்லாம் கண்விழித்து மூன்று நான்கு ஆட்டம் ஆடிய பையன்கள், கத்திரி வெயில் ஏறும் நேரத்தில் இறுதி ஆட்டத்துக்கு இறங்குகிறார்கள். நுழைவுக் கட்டணத்தோடு வரும் எந்த அணியையும் திருப்பி அனுப்ப விழாக் குழுவுக்கு மனம் வராததுதான் காரணம்.

கணக்கு எளிது. ஊர்ப் போட்டியில் பெரும்பாலும் பாதிக்குப் பத்து நிமிடமாக இரண்டு பாதிதான் ஆடுகிறோம். இடைவேளை, டைம் அவுட், 'தொட்டான், தொடவில்லை' தகராறு, அடுத்த அணி இறங்குவது எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆட்டத்துக்கு அரை மணி நேரம். தோற்றால் வெளியேறும் நாக் அவுட்டில் 32 அணிக்கு 31 ஆட்டம், அதாவது பதினைந்தரை மணி நேரம். மாலை ஆறுக்குத் தொடங்கினாலும் மறுநாள் காலை ஒன்பதரை. மேடையில் வரவேற்புரையும் பொன்னாடையும் முடிந்து எட்டரைக்குத் தொடங்கினால் கேட்கவே வேண்டாம். 24 அணியோடு நிறுத்தினால் முதல் சுற்றில் 8 அணிக்கு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. மொத்தம் 23 ஆட்டம், மாலை ஆறுக்குத் தொடங்கினால் விடிகாலை ஐந்தரை மணிக்குள் முடியும். 32 அணி வேண்டுமென்றால் முதல் சுற்றின் 16 ஆட்டத்தைச் சனி இரவும், மீதி 15 ஆட்டத்தை ஞாயிறு இரவும் வைக்கலாம். இரண்டு நாளும் இரவு இரண்டு மணியைத் தாண்டாது. பேர் கூப்பிட்டு பத்து நிமிடத்தில் இறங்காத அணிக்கு எதிராக வாக்ஓவர் (எதிரணிக்கு ஆடாமலே வெற்றி) என்று துண்டறிக்கையிலேயே அச்சிட்டுவிடுங்கள். மைக்கில் கெஞ்சிக்கொண்டிருப்பதில்தான் பாதி இரவு போகிறது.

அடுத்தது களம். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்; சுற்றிலும் நான்கு மீட்டராவது வெற்றிடம் வேண்டும். அதற்குள் சவுக்குக் கம்பம், ஜெனரேட்டர், நாற்காலி எதுவும் கூடாது. தரையை ஒரு சாண் ஆழத்துக்கு உழுது, கல், கண்ணாடி, கருவேல முள் எல்லாம் பொறுக்கி, அதன்மேல் சலித்த செம்மண் 4 அங்குலம் போட வேண்டும். களத்துக்கு மட்டும் நாலரை யூனிட்டுக்கு (யூனிட் என்பது 100 கன அடி) சற்று மேல். விளிம்பில் ஒரு மீட்டரும் சேர்த்தால் ஆறரை. மணல் கூடினால் கால் புதைந்து முழங்கால் திருகும். களிமண் கூடினால் ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் சிமெண்டுத் தரையாக இறுகும். கொஞ்சம் மரத்தூள் கலந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தண்ணீரை முதல் நாள் மாலையே விட்டு ஊற விட வேண்டும். ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் ஹோஸ் பிடித்தால் மேலே சேறு, அடியில் புழுதி. மூன்று நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை கிளறிச் சமன்செய்து பூவாளியால் தெளித்தால் போதும்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டவே வேண்டாம். வியர்த்த உடம்பில் பட்டால் எரியும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. கோலமாவு போதும். நாடாவை ஆணி அடித்து இழுக்கும் பழக்கமும் போக வேண்டும். நாலாவது ஆட்டத்தில் ஆணி பெயர்ந்து யாருடைய பாதத்திலாவது ஏறும். பாடிப் போகிறவன் தாண்டியாக வேண்டிய பாக் லைன் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு அதற்கு ஒரு மீட்டர் பின்னால். கண்ணளவில் போட்டால் போனஸுக்கு அடிதடிதான்.

ஈரத் தரை, வெறுங்கால், சுற்றிலும் மின்கம்பி: இந்தச் சேர்க்கையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. கொக்கி போடாமல் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை இணைப்பின் தலைமாட்டிலேயே வையுங்கள். கேபிளைத் தரையில் ஓட்டாதீர்கள். விளக்குகளை இருபதடிக்கு மேல் உயர்த்தினால் பாடிப் போகிறவன் கண் கூசாது.

பார்வையாளர் கேலரியைப் பற்றி ஒரு வரி. 2021 மார்ச்சில் தெலங்கானா சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடியின்போது கேலரி சரிந்து பெருங்கூட்டம் காயம்பட்டது. சவுக்கும் கயிறும் கட்டி அடுக்கு எழுப்புவதைவிட, தடுப்பு கட்டி ஊர் சனத்தைத் தரையில் உட்கார வைப்பதே மேல்.

எடைப் போட்டிகளில் யாரும் பேசாத ஒரு கேடு இருக்கிறது. 55 கிலோ, 60 கிலோ என்று அறிவித்துவிட்டு, ஆட்டத்துக்குச் சற்று முன் எடை போடுகிறோம். மே மாத வெயிலில் பையன்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், ஓடி வியர்த்து, தராசில் ஏறி, அப்படியே களத்தில் இறங்குகிறார்கள். தசைப்பிடிப்பும் மயக்கமும் வராமல் என்ன செய்யும்? எடையை முதல் நாள் மாலையே போட்டுவிட்டால் இரவு உண்டு, உறங்கி, தெம்போடு வருவார்கள். ஓஆர்எஸ் கொடுக்கும்போது ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். அது தாகத்தைக் கூட்டும். பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே இளம் வீரர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே களத்தில் உயிரிழந்தார். விழுந்தவர் எழவில்லை என்றால் நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால் கையையும் காலையும் பிடித்துத் தூக்காமல் பலகை வரும்வரை அசைக்காதீர்கள். பேச்சும் மூச்சும் இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். குழுவில் இருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும். கோப்பையின் உயரத்தை ஓர் அடி குறைத்தால் ஆம்புலன்ஸ் ஒன்றை இரவு முழுக்க நிறுத்தக் காசு கிடைக்கும்.

அனுமதிக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை ஓடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. சாதி, கட்சி அடையாளம் பனியனிலும் பதாகையிலும் இருந்தால் அனுமதி கிடைப்பது சிக்கலாகும். அந்த நிபந்தனை சரியானதே. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதும் சட்டம். வர்ணனையாளர்கள் கோபித்துக்கொள்ளட்டும், பத்துக்குப் பிறகு விசிலும் ஸ்கோர் பலகையும் போதும்.

கடைசியாக மகளிர் ஆட்டம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் வடுவூர் அபினேஷும் கண்ணகி நகர் கார்த்திகாவும் தங்கம் வென்றதிலிருந்து பெண் பிள்ளைகள் அணியணியாக வருகிறார்கள். அவர்களை நள்ளிரவு 'காட்சிப் போட்டி'யாக வைக்காமல் மாலை ஆறு மணிக்கே இறக்குங்கள். மகளிர் களம் 12-க்கு 8 மீட்டர், பாக் லைன் 3 மீட்டர். அவர்கள் ஆட்டம் முடிந்ததும் கோட்டை அழித்து ஆண்கள் அளவுக்குப் போட, கோலமாவும் டேப்பும் இருந்தால் பத்து நிமிடம் ஆகும். உடை மாற்றப் பூட்டுள்ள ஓர் அறையும் கழிப்பறையும் இல்லாத ஊர், மகளிர் அணியை அழைக்காமல் இருப்பதே நாணயம்.

இப்படிக்கு,
கபடி நடுவர் ஒருவர்,
மன்னார்குடி வட்டாரம்