திம்புவில் கால்பந்து ஆடும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தங்கச்சி எல்லோரும் நலம். போனிலேயே பேசலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை கேட்டாயே, "சீசன் முடிஞ்சதும் வந்துடட்டுமாப்பா, ஊர்ல என்ன சொல்வாங்க" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சி இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

முதலில் காசு விஷயம். வீட்டுக் கூரை வேலை முடிந்துவிட்டது. கடன் முழுக்க அடைந்தது, ரசீது பீரோவில் இருக்கிறது. தங்கச்சிக்கு இது கடைசி வருஷம், அந்த ஃபீஸையும் கட்டியாகிவிட்டது. அதனால் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதானால் எங்களை நினைத்துப் போடாதே.

உனக்கு ஞாபகம் இருக்கும், 2019 மார்ச் 9. சென்னை சிட்டி எஃப்சி கோவையைச் சொந்த ஊராக வைத்து ஆடிய வருஷம், ஐ-லீக்கின் கடைசி ஆட்டம். நீயும் நானும் விடிய முன்னாலேயே கிளம்பி மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போனோம். உனக்கு அப்போது 17 வயசு. ஜெயித்தால்தான் கோப்பை உறுதி, ஏனென்றால் நமக்கு அடுத்தபடியாக இருந்த ஈஸ்ட் பெங்கால் அங்கே கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே எதிர் அணி மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டது. நேரு ஸ்டேடியம் முழுக்க மூச்சுவிடாமல் இருந்தது. நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய், இடைவேளை வரைக்கும் விடவே இல்லை. கடைசியில் 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நம் ஆட்கள் சாம்பியன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நம் அணியின் பெட்ரோ மான்சியைப் பற்றிக் கேட்டாய். அந்த சீசனில் 21 கோல் போட்டவர், அதற்கு முன்னால் ஸ்பெயினில் கீழ் டிவிஷன்களில் ஆடியவர். "இவரெல்லாம் ஏன்பா அவ்வளவு தூரத்துல இருந்து இங்க வந்து ஆடுறாரு?" என்றாய். நான் "காசுக்குத்தான், வேறென்ன" என்றேன். தப்பான பதில் சொல்லிவிட்டேன், தம்பி. நீ கல்கத்தா போய், கேரளா போய், இப்போது பூட்டானில் ஆடுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்குகிறது. ஆட இடம் கிடைக்கிற ஊருக்கு ஆட்டக்காரன் போகிறான், அவ்வளவுதான்.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ இருந்த கிளப்பில் மூன்று மாதச் சம்பளம் நின்றபோது என்னிடம்தான் கேட்டாய். "பொறுத்துப் போ, பெரிய இடத்தைப் பகைச்சுக்காதே" என்றேன். எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் வாயில் வேறென்ன வரும். நீயும் பொறுத்தாய். வீங்கிய முழங்காலோடு ஆடினாய். பிறகுதான் ஒரு வக்கீல் சொல்லிக் கேட்டேன். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தந்து, அதற்குப் பிறகும் கொடுக்காவிட்டால் ஆட்டக்காரன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம் என்று ஃபிஃபா விதியிலேயே இருக்கிறதாம். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தக் கால் தப்பித்திருக்கும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்கு ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. இனிமேல் எந்த ஊர் கிளப்பாக இருந்தாலும் சரி, ஒப்பந்தத்தை முழுக்கப் படி. அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்று பார். ஏஜென்ட் வாயால் சொல்வதை எழுதித் தரச் சொல்.

நீ அங்கே நன்றாக ஆடுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. திம்பு 2,300 மீட்டர் உயரம் என்கிறார்கள், ஊட்டியைவிடக் கொஞ்சம் கூட. கீழேயிருந்து வருகிறவர்களுக்கு முதல் இருபது நிமிஷத்தில் நெஞ்சு அடைக்கும். நீ பிறந்ததிலிருந்து இந்தக் காற்றில் ஓடினவன். எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கீழே நம் மைதானம், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தேயிலை. காட்டெருமை வந்து நடுவில் நின்றால் அது போகிற வரைக்கும் நீங்கள் எல்லோரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது நீங்கள் பத்துப் பேர், பந்து ஒன்று, பூட்ஸ் இரண்டு ஜோடி. முதல்முதலாகக் கோவையில் ஆடிவிட்டு வந்து, "அங்க பந்து சீக்கிரமே விழுந்துடுதுப்பா" என்றாய். மலைமேலே காற்று மெலிசு, பந்து தூரமாகப் போகும். அதற்குத் தகுந்த மாதிரி காலை அளந்து உதைக்க உனக்கு ஒரு மாசம் ஆனது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

ஊரில் சொல்வார்கள்தான். "வெளிநாடு போனவன் திரும்பி வந்துட்டான்" என்பார்கள். தம்பி, இந்தத் "திரும்பி வந்தவன்" என்ற வார்த்தையை நம் வீட்டுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் உன் தாத்தாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்டிப் பக்கம் பிறந்து வளர்ந்த மனுஷன். தலைமன்னார் போகிற ரயிலை அங்கே அழுகைக் கோச்சி என்றே சொல்வார்களாம். எனக்கு அப்போது ஆறு வயசு. கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் கேம்ப், பிறகு இந்த மலை. தாத்தா கையில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு கெண்டியும்தான் இருந்தன. "சிலோன்காரன்" என்று கடைவீதியில் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்த்து "ஆமாங்க" என்பார். குரலில் கூச்சம் இருக்காது. அவர் அன்றைக்குக் கொத்திப் போட்ட நிலத்தில்தான் உன் அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறாள்.

ஆட்டக்காரர்களிலும் பார். முகமது சலீம் 1936-இல் ஸ்காட்லாந்துக்குப் போய், காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, பூட்ஸ் இல்லாமல் செல்டிக் கிளப்புக்கு இரண்டு ஆட்டம் ஆடினார். அவரை அங்கேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஊர் ஞாபகம் வந்து கல்கத்தாவுக்கே திரும்பிவிட்டார். சுனில் சேத்ரி 2010-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்கும், 2012-இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி அணிக்கும் போனவர். அங்கே அவர் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். திரும்பி வந்துதான் இந்தியாவுக்காக 90 கோலுக்கு மேல் போட்டு முடித்தார். நீ இருக்கிற பூட்டானின் செஞ்சோவை எடுத்துக்கொள். 2015-இல் பூட்டான் இலங்கையைக் கொழும்பிலும் ஜெயித்து, திம்புவிலும் ஜெயித்ததே, திம்புவில் போட்ட இரண்டு கோலும் அவருடையது. அப்புறம் மினர்வாவோடு வந்து இங்கே ஐ-லீக் கோப்பையும் வாங்கினார். நாம் கோவையில் பார்த்தோமே, அந்த ஆட்டத்துக்கு முந்தைய சீசன்.

அதனால் வருவதா இருப்பதா என்பதை நீயே முடிவு பண்ணு. கால் இன்னும் ஓட ஆசைப்பட்டால் இன்னொரு சீசன் அங்கேயே இரு. எனக்கும் அம்மாவுக்கும் ஏக்கம் இருக்கும், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இல்லை, முழங்கால் வேண்டாம் என்கிறது, மனசும் வீட்டைத் தேடுகிறது என்றால் வந்துவிடு. உனக்கு இன்னும் 25 ஆகவில்லை. சென்னை லீக்கில் ஆடலாம், பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் எடுக்கலாம், அல்லது ஆறு மாசம் சும்மா இருக்கலாம். லைனில் சின்னப் பசங்க இப்போதும் சாயங்காலம் பந்து அடிக்கிறார்கள். அதில் ஒரு பையன் இடது காலால் உன்னை மாதிரியே வெட்டித் திருப்புகிறான். நின்று பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

உன் முதல் பூட்ஸை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். ஆடி மழையில் நனைந்து வந்தால் அடுப்புக்கு மேலே பரண் கம்பியில் கட்டித் தொங்கவிடுவாளே, அதே பூட்ஸ். தோல் விறைத்துப்போய் மடங்க மாட்டேன் என்றதும் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி இளக்கினாள். அடிப்பாகம் இரண்டு தடவை பிய்ந்து, செருப்புத் தைக்கிறவர் நூல் போட்டுத் தைத்தது அப்படியே இருக்கிறது. போன வாரம் எடுத்துத் துடைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வருவதானால் ஐப்பசி, கார்த்திகை மழை நேரமாக இருக்கும். புன்ஷோலிங் இறங்கி ஹாசிமாராவில் ரயில் பிடித்தால் சென்னைக்கு வர எப்படியும் மூன்று நாள் ஆகிவிடும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிக்கொள், விடிகாலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். இருட்டோடு மலை ஏறாதே, கோத்தகிரி ரோட்டில் மண் சரிகிற காலம். இறங்கியதும் ஒரு டீ குடித்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. ரோடு திறந்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன், அப்புறம் பஸ் ஏறு.

அன்புடன்,
அப்பா