நிலம் வாங்கிய பெண்களின் குரலைப் பதிவு செய்ய நன்கொடை தாரீர்

அன்புடையீர், வணக்கம்.

நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்ட காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வாங்கிய விருதுகள் பலருக்கும் தெரியும். 2008இல் கணவர் ஜெகந்நாதனோடு ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020இல் பத்மபூஷண். ஆனால் அவரது முயற்சியால் நிலம் கிடைத்த பெண்கள் பேசி நாம் கேட்டது குறைவு. அவர்களுக்கும் வயதாகிவிட்டது. அந்தக் குரல்களைப் பதிவு செய்யவே இந்த வேண்டுகோள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டம் அங்கே கொண்டுபோய் விட்டது. அதன் பிறகு கீழத்தஞ்சைக்கு (இன்றைய நாகை, திருவாரூர் பகுதி) வந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி, அறிக்கை விட்டுவிட்டு ஊர் திரும்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். கூலி உயர்ந்தால் மட்டும் போதாது, உழுகிறவர் கையில் நிலம் வரவேண்டும் என்பது காந்திய வழியிலான சர்வோதய இயக்கத்தில் ஊறிய அவர்களின் முடிவு. 1981இல் லாஃப்டி (LAFTI, உழுபவர் நில விடுதலை) என்ற அவர்களின் அமைப்பு பிறந்தது. நிலக்காரரையும் கூலியாட்களையும் நேருக்கு நேர் உட்காரவைத்து விலை பேசுவது, கடனுக்கு ஏற்பாடு செய்வது, பெண்கள் பெயரில் பத்திரம் முடிப்பது என்று வேலை நடந்தது.

அந்தக் கடைசிச் சங்கதிதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. பண்ணையில் ‘ஏய்’ என்றே கூப்பிடப்பட்ட ஒரு பெண், பதிவு அலுவலகத்தில் தன் பெயரைச் சொல்லிப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறார். அன்றைக்கு ஊர்த்தெருவில் எப்படி நடந்து திரும்பினார்? கடனை எப்படி அடைத்தார்? இறால் பண்ணைகள் வந்து தண்ணீர் உப்பானபோது என்ன செய்தார்? (அந்தப் பண்ணைகளை எதிர்த்து ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.) நிலம் கைவிட்டுப் போனவர்கள், மனக்குறை உள்ளவர்கள் சொல்வதையும் வெட்டாமல் பதிவு செய்வோம். புகழ்மாலை தொடுப்பது எங்கள் வேலை இல்லை.

நாகை, திருவாரூர் மாவட்ட ஊர்களுக்குப் போய்வர, ஒலிப்பதிவுக் கருவி வாங்க, பேசியதை எழுத்தாக்கப் பணம் தேவை. அப்புறம் ஒன்று: நடவு நேரத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பேசினால் அன்றைய கூலி போய்விடும். அதைக் கொடுக்காமல் யாரையும் பதிவு செய்வதில்லை என்று குழு தீர்மானித்திருக்கிறது. உங்கள் பணத்தில் பெரும்பங்கு இதற்கே போகும். வறுமையைப் பற்றி ஏழைகளிடம் இலவசமாகக் கேட்டு வாங்கிவருவது சரியாகப் படவில்லை.

50 ரூபாயும் நன்கொடைதான், அதற்கும் ரசீது உண்டு. வரவு செலவை நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்புவோம். பேசியவர் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிட மாட்டோம். பதிவின் ஒரு படி அவர் வீட்டிலேயே இருக்கும். பணம் தர இயலாதவர்கள், அந்தக் காலத்துத் துண்டறிக்கையோ புகைப்படமோ வைத்திருந்தால் காட்டுங்கள், படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பதிவுக் குழுவினர்