அதே காலராதானே?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தாருக்கு,

வணக்கம். நகரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆந்திராவில் இருக்கிறோம், வீட்டில் பேசுவது தமிழ். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெங்களூர் போய், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். கல்யாணம்கூட ஆகாத வயதில், முதல் உலகப் போரில், 1917இல் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) காலரா வந்து இறந்துபோனார். குண்டு பட்டுச் சாகவில்லை, வாந்திபேதிதான் என்பதைச் சொல்லும்போது மட்டும் பாட்டிக்குக் குரல் இறங்கிவிடும், ஏதோ குறைச்சல் போல.

அங்கே பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் களத்தில் விழுந்தவர்கள் சுமார் 11,000 பேர் என்றால், நோயில் போனவர்கள் 12,000க்கும் மேல். பாக்தாத் பக்கத்து டெசிஃபானில் சண்டை முடிந்து காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு பஸ்ராவுக்கு வந்த கப்பலின் பக்கவாட்டில் கயிறு தொங்குகிறது என்று நினைத்தாராம் ஒரு மருத்துவர். கிட்டே போனால், சீதபேதிக்காரர்களின் மலம் வழிந்து காய்ந்து தொங்கியது. 1917இல் வந்த விசாரணை அறிக்கையிலேயே இது இருக்கிறது.

பாக்தாதைப் பிடித்த ஜெனரல் ஸ்டான்லி மோடும் அதே வருடம் நவம்பரில் காலராவில்தான் இறந்தார். பாக்தாத் வடக்கு வாசல் மயானத்தில் மண்டபம் எழுப்பிய கல்லறை அவருக்கு. சரி, இருக்கட்டும். எங்கள் தாத்தாவுக்குக் கல்லறை இல்லை. அப்படிப்பட்ட 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பிய பஸ்ரா நினைவுச் சின்னத்தில் சேர்த்தீர்கள். அதிலும் பிரிட்டிஷ் படையினருக்கும், இந்தியப் படையின் அதிகாரிகளுக்கும்தான் பெயர். இந்தியச் சிப்பாய்களுக்கு, இந்த ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்ற கணக்கு. 2021இல் நீங்களே அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டீர்கள். அப்புறம்?

போர் முடிந்து வீடு வீடாக அனுப்பிய வெண்கல வில்லை எங்களிடம் இருக்கிறது. கையில் சூலம், பக்கத்தில் சிங்கம். பிரிட்டன் நாட்டையே பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா என்று யார் கண்டார்கள்? அம்மன் என்றே குங்குமம் வைத்து வந்திருக்கிறார்கள். அதில் பதவி போடாமல் பெயர் மட்டும் பொறித்திருப்பது, செத்தவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது என்பதற்காகத்தானாம். வில்லைக்கு இருந்த நியாயம் கல்லுக்கு ஏன் இல்லை?

ஈராக்கில் இப்போது கல் வெட்டுவது சிரமம் என்பீர்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் உங்கள் மயானமே இருக்கிறதே, அங்கே வெட்டுங்கள். அதற்கு முன்னால் பதிவேட்டைத் திருத்த வேண்டும். பழைய வட ஆற்காட்டைப் பிரித்து 1911இல் சித்தூர் மாவட்டம் வந்தது. அதிலிருந்து திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துக்குப் போனது. வட ஆற்காட்டுக்காரர் என்று எழுதியிருந்தால் தமிழ்நாட்டில் மட்டும் தேடாதீர்கள், எங்கள் பக்கமும் வாருங்கள். ஊர்ப்பெயரையும் அப்பா பெயரையும் சரியாக எழுதித்தர குடும்பங்கள் இருக்கின்றன. தமிழிலோ தெலுங்கிலோ வாங்கிக்கொள்ள ஓர் ஆளைப் போடுங்கள்.

வில்லையின் படத்தை இணைத்திருக்கிறேன். குங்குமம் படிந்து கடைசி இரண்டு எழுத்து தெளிவாக இல்லை. வேண்டுமானால் துடைத்து இன்னொரு படம் அனுப்புகிறேன். வில்லையை மட்டும் கேட்காதீர்கள், பாட்டி தரமாட்டார்.

இப்படிக்கு,
அவருடைய அண்ணன் வழிக் கொள்ளுப்பேரன்