பூஞ்சை வில்லையின் அளவையும் கேட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் பூண்டுச் சாறு, வேப்பிலைச் சாறு வைத்துப் பயிர்நோய்ப் பூஞ்சையை இத்தனை சதவீதம் கட்டுப்படுத்தினார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. பூஞ்சை லேபில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், அந்தச் சதவீதம் எதை நம்பி நிற்கிறது என்று எழுதத் தோன்றியது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு அகார் வில்லையை, அதாவது பூஞ்சை வளர்ந்த ஜெல்லியிலிருந்து வெட்டிய சின்ன வட்டத் துண்டை நம்பித்தான்.

வாடல் நோய் தரும் ஃபியூசேரியம் பூஞ்சை வளர்ந்த தட்டில் கார்க் போரர் என்ற வெட்டும் குழாயை அழுத்தி வட்டமாக வெட்டி, ஊசியால் எடுத்து, சாறு கலந்த புதுத் தட்டின் நடுவில் பூஞ்சை படர்ந்த பக்கம் கீழே இருக்கும்படி வைப்போம். அவ்வளவுதான் வேலை, ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியம். இளம் இழைகள் ஓடிக்கொண்டிருக்கும் ஓரத்தில், எல்லா வில்லையையும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் வெட்ட வேண்டும். ஒன்று ஓரத்திலும் இன்னொன்று முற்றிப்போன நடுப்பகுதியிலும் எடுத்தால், வளர்ச்சியில் தெரியும் வித்தியாசம் சாற்றினாலா வில்லையினாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒருமுறை ஒரு மாணவி, சாறு கலந்த தட்டில் பூஞ்சை வரவே இல்லை என்று சந்தோஷமாக வந்தார். சாறு கலக்காத தட்டைக் காட்டச் சொன்னேன், அதிலும் வரவில்லை. போரரை ஸ்பிரிட்டில் தோய்த்துத் தீயில் காட்டி, ஆறவிடாமல் சுடச்சுட வெட்டியிருக்கிறார், இழைகள் வெந்துபோய்விட்டன.

அப்புறம் அளவு. போரரில் பொறித்திருக்கும் எண் மில்லிமீட்டர் கிடையாது, வெறும் வரிசை எண். தட்டில் விழும் ஓட்டையும் வில்லையைவிடச் சற்றுப் பெரிது, அதனால் வில்லையைத்தான் அளக்க வேண்டும். காலனியை, அதாவது தட்டில் படர்ந்த பூஞ்சை வட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்து, சராசரியிலிருந்து வில்லையின் 5 மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும். சாறில்லாத தட்டைவிடச் சாறு தட்டில் வளர்ச்சி எவ்வளவு குறைந்தது என்பதுதான் அந்தச் சதவீதம். சாறில்லாத தட்டில் 45 மில்லிமீட்டர், சாறு தட்டில் 15 என்றால் கழிக்காமல் 67 சதவீதம் வரும், இரண்டிலும் கழித்தால் 75. சாறு தட்டில் பூஞ்சை துளிகூட வளராவிட்டாலும், கழிக்க மறந்தால் 100 வராது, 89 என்றுதான் வரும்!

உங்கள் நிருபர்கள் இப்படிச் செய்தி எடுக்கும்போது வில்லை எத்தனை மில்லிமீட்டர், அதைக் கழித்தீர்களா, எத்தனை தட்டு வைத்தீர்கள் என்று மூன்றே கேள்வி கேட்டு, பதிலையும் சேர்த்துப் போடுங்கள். விவசாயிகளும் அதைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கோயம்புத்தூர்