ஊசிக்கு முன்னால் ஒரு தாள்: முழங்கால் வலிக்கு பி.ஆர்.பி. போடும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எலும்பு மூட்டு மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். தட்டை மடியில் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, முப்பது வருடம் பீடி சுற்றியவர். கொஞ்ச காலமாக முழங்கால் வலி. குத்தவைத்து உட்கார முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை. போன வருடம் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "ஜவ்வு தேய்ந்திருக்கிறது. ஆபரேஷன் தேவையில்லை. உங்கள் ரத்தத்திலிருந்தே மருந்து எடுத்து ஊசி போடுவோம், ஜவ்வு திரும்ப வளரும்" என்றார்கள். அதற்குப் பெயர் பி.ஆர்.பி. வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. என் தங்கை கல்யாணத்துக்கென்று போட்டுவந்த சீட்டைத் தள்ளி எடுத்து அம்மா பணம் கட்டினார்.

இரண்டு மாதம் வலி குறைவாக இருந்தது. மூன்றாம் மாதம் பழையபடி ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்காதது அதற்குப் பிறகு அம்மா சொன்னதுதான். "நான் மறுபடி பீடி சுத்த உக்காந்தேன்லா, அதான் வளந்த ஜவ்வு தேஞ்சு போச்சு." வளராத ஒன்றைத் தானே கெடுத்துவிட்டதாக இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த சிகிச்சையை ஏமாற்று வேலை என்று சொல்ல நான் எழுதவில்லை. கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, சிவப்பணுக்கள் அடியில் தங்கியதும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) நிறைந்த பிளாஸ்மாவை, அதாவது பி.ஆர்.பி.யைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்துகிறீர்கள். காயம் ஆற உதவும் வளர்ச்சிக் காரணிகள் பிளேட்லெட்டில் இருக்கின்றன, அவை மூட்டிலும் உதவும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். நம் நாட்டிலேயே சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் இரண்டு முழங்காலும் தேய்ந்த 78 பேரிடம் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. ஆறு மாதம் நெருங்கும்போது அந்தப் பலனும் இறங்கத் தொடங்கியிருந்தது.

அப்புறம் 2021-ல் ஆஸ்திரேலியாவில் அதைவிடப் பெரிய ஆய்வு வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய, லேசான அல்லது நடுத்தரத் தேய்மானம் உள்ள 288 பேர். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர், வாரம் ஒன்றாக மூன்று ஊசி. அம்மாவுக்குப் போட்ட அதே கணக்கு. யாருக்கு எது போனது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து, பத்துக்குப் போடும் வலி மதிப்பெண்ணில் பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது, உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8. குருத்தெலும்பு, அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வது, சராசரியாகப் பார்த்தால் எந்தக் குழுவுக்கும் வளரவில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் அந்த இரண்டு மாத நிம்மதி பிளேட்லெட்டால் வந்ததா, ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையால் வந்ததா என்று இனி பிரித்துச் சொல்ல வழியில்லை.

அந்த ஆய்வில் போட்ட பி.ஆர்.பி.யில் பிளேட்லெட் செறிவு போதவில்லை என்று உங்களில் சிலர் சொல்வது தெரியும். சரி, அப்படியே இருக்கட்டும். அம்மாவுக்குப் போட்டதில் எவ்வளவு இருந்தது? டெங்கு வந்த நாளிலிருந்து பிளேட்லெட் எண்ணிக்கை எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். காய்ச்சலுக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுக்கும் நீங்கள், அதையே மருந்தாக விற்கும்போது ஏன் எழுதுவதில்லை? அம்மாவின் மருத்துவச் சீட்டில் ஊசி போட்ட தேதி மட்டும்தான் இருக்கிறது. வெள்ளையணுக்களை நீக்கினார்களா, எத்தனை மில்லி போட்டார்கள், எதுவும் இல்லை.

உங்கள் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க வாத நோய் மருத்துவர்கள் சங்கம் தன் 2019 வழிகாட்டுதலில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி. வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாகத் தயாரிக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அதே நாட்டின் எலும்பு அறுவை மருத்துவர்கள் சங்கம் 2021-ல், வலி குறையலாம் என்று தயக்கத்தோடு ஒப்புக்கொண்டது. பெரிய மருத்துவர்களே இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கும் விஷயத்தை, பீடி சுற்றும் பெண்ணிடம் மட்டும் முடிந்த முடிவாகச் சொல்லலாமா?

நான் கேட்பது ஒரு தாள். ஊசிக்கு முன்னால், தமிழில். தேய்மானம் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை ஊசி, எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவு, பிளேட்லெட் எண்ணிக்கை எவ்வளவு, பலன் எத்தனை மாதம் நிற்கலாம், நிற்காவிட்டால் அடுத்தது என்ன. "ஜவ்வு வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை" என்ற ஒரு வரியும் வேண்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க விடுங்கள். கட்டணத்தை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுத வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. அந்த மருத்துவமனையில் அப்படி ஒரு பலகையை நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடைத் தசையை வலுப்படுத்தும் உடற்பயிற்சி பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான் என்பதில் உங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லையே. பிறகு அரசு மருத்துவமனைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் அரை மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். படுத்துக்கொண்டு காலை நீட்டித் தூக்குவது, நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. அம்மா தினமும் காலையில் செய்கிறார். பீடித் தட்டை இப்போது பெஞ்சில் வைத்துச் சுற்றுகிறார். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் பஸ் படி ஏறுகிறார்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு அடுத்த வாரம் முதல் ஊசி. போகாதீர்கள் என்று நான் தடுக்கவில்லை. மேலே கேட்டவற்றை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அவருக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். உங்கள் பதிலைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பீடி சுற்றும் ஒரு தாயின் மகள்