பால் ஏன் குறைந்தது என்று கேட்டவர்களுக்கு

எங்களிடம் பால் வாங்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரத்திலிருந்து ஒரு லிட்டர் கேட்டவர்களுக்கும் முக்கால் லிட்டர்தான் ஊற்றுகிறோம். வாசலில் நின்று சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறோம்.

நான்கு மாடுகளின் பாலை நிறுத்திவிட்டோம். அதில் ஒன்று மூன்றாம் ஈத்து மாடு. தீனி நன்றாகத்தான் எடுத்தது. ஆனால் தண்ணீராகக் கழிந்துகொண்டே இருந்தது, உடம்பு வற்றியது, தாடைக்கு அடியில் நீர் கோத்துக்கொண்டது. குடற்புழு மருந்துக்குக் கேட்கவில்லை. சோதித்ததில் ஜோன்ஸ் நோய் என்கிற குடல் நோய் என்று தெரிந்தது. கன்றாக இருக்கும்போது, சாணம் பட்ட மடியில் ஊட்டும்போதோ சீம்பாலிலோ உள்ளே போகும் கிருமி, வருடக்கணக்கில் பதுங்கியிருந்து அப்புறம்தான் வெளியே தெரியும். குணமாக்க மருந்து கிடையாது.

காசநோய் பால் வழியாக மனிதருக்கும் வரக்கூடியது என்பதால், உடனே எல்லா மாடுகளுக்கும் அந்தச் சோதனையும் செய்தோம். கழுத்துத் தோலில் இரண்டு ஊசி: ஒன்று மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது, இன்னொன்று பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது. 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். மாட்டு ஊசி போட்ட இடம் மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் காசநோய் என்று கணக்கு. ஜோன்ஸ் கிருமியோ பறவைக் கிருமிக்கு நெருங்கிய உறவு. ஜோன்ஸ் உள்ள மாட்டுக்குப் பறவை ஊசி இடமும் தடித்துவிடும், வித்தியாசம் சுருங்கிவிடும். காசநோய் இருந்தாலும் சோதனையில் தெரியாமல் போகலாம். காசநோய் முற்றிய மாட்டில் இரண்டு இடமுமே தடிக்காமல் இருப்பதும் உண்டு.

மற்ற மூன்று மாடுகளுக்குப் பறவை ஊசி இடம் நன்றாகவே தடித்திருந்தது. கணக்குப்படி காசநோய் இல்லை. எங்களுக்கு மனம் ஒப்பவில்லை, தனியாகக் கட்டிவிட்டோம். 42 நாளுக்கு அப்புறம் மறுசோதனை. அதுவரை அந்தப் பால் உங்கள் வீட்டுக்கும் வராது, எங்கள் கன்றுகளுக்கும் போகாது. கறப்பவர்களும் மருத்துவமனையில் சோதனை செய்துகொண்டார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாலைப் பொங்கவிட்டு, அப்புறமும் சில நிமிடம் சிறுதீயில் கொதிக்க விடுங்கள். காசநோய்க் கிருமி கொதியில் செத்துவிடும். அபிஷேகத்துக்குப் பச்சைப் பால் வாங்குகிறவர்கள், அதைத் தீர்த்தமாகக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். சீம்பால் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், இப்போதைக்கு யாருக்கும் தரமாட்டோம்.

முன்பணம் கட்டியவர்களுக்குக் குறைந்த பாலுக்கான தொகையை மாதக் கணக்கில் கழித்துக்கொள்கிறோம். வேறு இடத்தில் வாங்க நினைத்தால் மீதியைத் திருப்பித் தருகிறோம், வருத்தப்பட மாட்டோம். மறுசோதனை முடிவு எப்படி வந்தாலும் உங்களுக்கு எழுதுவோம்.